எஞ்சினுக்குப் பின்னால் வந்தவன்

குப்பத்து ஜனங்கள் மனு கொடுத்தது கடல் அரிப்பைத் தடுக்கிற தூண்டில் வளைவுக்கு. வந்தது கம்பம். அரசாங்கம் என்றால் அப்படித்தான், கேட்டதைக் கொடுக்காது, கொடுத்ததை நாம் கேட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலைக்கும் கடலுக்கும் நடுவில், ஒரு பக்கம் கண்டெய்னர் லாரிப் புகையையும் இன்னொரு பக்கம் உப்புக் காற்றையும் மூச்சாக இழுத்துப் பிழைக்கிற சின்னக் குப்பம் அது. கம்பம் நட வந்தவர்கள் முதலில் மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில் குழி தோண்டினார்கள். தண்ணீர் ஊறியது. கொஞ்சம் தள்ளி வந்து பாஸ்கல் வீட்டு வாசலில் நட்டார்கள். உச்சியில் நாலு திசைக்கும் நாலு ஒலிபெருக்கி.

வாசலில் நெத்திலி காயவைத்துக்கொண்டிருந்த எல்சி, பாஸ்கலின் பெண்சாதி, நிமிர்ந்து பார்த்தாள்.

"இது இன்னாத்துக்கு தம்பி?"

"சுனாமி வந்தா சைரன் அடிக்கும்மா. கடலுக்கு அடியில எங்க பூகம்பம் வந்தாலும் ஐதராபாத்துல தெரிஞ்சிடும். அங்கேர்ந்து நம்ம ஆபீசுக்குச் சொல்லுவாங்க. இங்க சைரன் கத்தும்."

"அன்னிக்கி யாரும் சொல்லலியே."

"அன்னைக்கு இதெல்லாம் இல்லம்மா."

"இப்ப கொணாந்து எங்க வூட்டு வாசல்ல நட்டா? யாரக் கூப்புடப் போவுது இது?"

கம்பம் நட்டவன் ஏணியை மடக்கிக்கொண்டு போனான். மறுநாளிலிருந்து எல்சி கருவாட்டை வீட்டுக்குப் பின்புறம் காயவைத்தாள். கம்பத்தின் நிழல் விழுகிற இடத்தில் அவள் ஒரு முறத்தைக்கூட வைக்கவில்லை.

பாஸ்கலுக்கு ஒரு ஃபைபர் போட் இருந்தது. பின்னால் மாட்டி ஓட்டுகிற எஞ்சின். கரைக்கு வந்ததும் போட்டை மணலில் விட்டுவிடலாம், எஞ்சினை விட முடியாது. பாதியை உப்பு தின்னும், மீதியைத் திருடன் தின்பான். அதனால் அங்கே ஆம்பளைகள் எல்லாரும் எஞ்சினைக் கழற்றித் தோளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். ஏற்றிவிட இன்னொரு கை வேண்டும், சுமப்பது ஒற்றை ஆள். எஞ்சின் தோளுக்கு வந்துவிட்டால் கழுத்து திரும்பாது. பின்னால் என்ன நடக்கிறதென்று பார்க்க ஆளே முழுசாகத் திரும்ப வேண்டும். மணலில் கால் புதைகிறபோது அப்படித் திரும்பினால் இடுப்பு போய்விடும். ஆகையால் எவனும் திரும்புவதில்லை.

பெட்ரோல் கேனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவது பிள்ளைகளின் வேலை. அந்த நாளில் பாஸ்கலுக்குப் பின்னால் அவன் மகன் நோயல் வருவான். எட்டு வயசு. கேன் அவன் முழங்காலில் இடிக்கும். பாஸ்கல் முன்னால் பார்த்தபடியே, "வர்றியாடா?" என்பான். "வந்துகினே கீறேன் நைனா" என்று பின்னாலிருந்து குரல் வரும். தினமும் உள்ள பேச்சு. யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டிய பேச்சில்லை.

அந்தக் கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், கடல் உள்ளே போனது. ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. பாஸ்கல் வேடிக்கை பார்க்கவில்லை, எஞ்சினைக் கழற்ற ஓடினான். கடல் கோணினால் முதலில் எஞ்சின், அப்புறம் வலை, அப்புறம்தான் மனுசன், அதுதான் அவன் படித்த பாடம். கிறிஸ்துமஸ் சட்டையோடு நோயலும் ஓடினான். எஞ்சினோடு ஏறி வரும்போது முதுகுக்குப் பின்னால் இரைச்சல் கேட்டது. "வர்றியாடா?" என்று கத்தினான். "வந்துகினே கீறேன் நைனா." கெபியின் மேடையில் தாவி ஏறி, எஞ்சினை மாதா காலடியில் இறக்கிவிட்டுத் திரும்பினான். அங்கே கரை இல்லை. கேன் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

பிள்ளை கிடைக்கவில்லை. எஞ்சின் நனையக்கூட இல்லை.

அதற்கப்புறம் வலை மாறியது, போட் மாறியது, அந்த எஞ்சினும் போய் வேறு வந்தது. ஆனால் எஞ்சினோடு கரையேறும்போது, கெபிக்குச் சற்று முன்னால், பாஸ்கலின் வாய் அசையும். "வர்றியாடா?" குப்பத்தில் எல்லாருக்கும் தெரியும். பக்கத்தில் வலையோடு நடக்கிற கூட்டாளி சவரிநாதன் அந்த நேரம் பார்த்து இருமுவான், இல்லையென்றால் பீடி கேட்பான். பதில் வருகிறதா என்று யாரும் பாஸ்கலைக் கேட்டதில்லை. எல்சியும் கேட்டதில்லை. வருகிறது என்று சொல்லிவிட்டால் அவனோடு எப்படி ஒரே வீட்டில் படுப்பது என்று அவளுக்குப் பயம். வரவில்லை என்று சொல்லிவிட்டால் அது அதைவிடப் பெரிய பயம்.

சாரா அதற்கப்புறம் வந்தவள். ஒன்று போதுமென்று நோயல் பிறந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட எல்சியை, சுனாமிக்குப் பிறகு அரசாங்கமே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், வெட்டியதை மறுபடி சேர்த்துத் தைத்து அனுப்பியது. குப்பத்தில் அப்படி வந்த பிள்ளைகள் இன்னும் சிலர் உண்டு. சாரா இப்போது காலேஜ் படிக்கிறாள். சின்ன வயசில் ஒரே ஒரு தடவை நைனாவிடம் அடி வாங்கியிருக்கிறாள், கேனைத் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் நடந்ததற்காக. அன்றிலிருந்து அவள் கரையில் நைனாவுக்குப் பின்னால் நடந்ததே இல்லை. பேரிடர் ஆபீஸ்காரர்கள் தன்னார்வலர்கள் வேண்டுமென்று காலேஜுக்கு வந்தபோது அவள்தான் முதலில் பெயர் கொடுத்தாள். ஆரஞ்சு நிறத்தில் ஒரு மேல்சட்டையும் ஒரு விசிலும் கொடுத்தார்கள்.

பேரிடர் ஆபீஸ் நடத்துகிற சுனாமி ஒத்திகைக்கு முந்தின நாள் மீன் ஏலம் போடுகிற கொட்டகையில் கூட்டம். அதிகாரி லட்சுமணன் வந்திருந்தார். ஒல்லியான மனிதர், மழையில் நனைந்த செருப்பைக் கொட்டகைக்கு வெளியே விட்டுவிட்டு வந்தார். அதற்காகவே கிழவிகளுக்கு அவரைப் பிடித்துப்போனது.

"சைரன் கேட்டதும் கையில எதையும் எடுக்கக் கூடாது. நகை, பாத்திரம், வலை, எஞ்சின், எதுவும் வேணாம். அப்படியே மேற்கே நடந்து, ரோட்டைத் தாண்டி, ஸ்கூல் மாடிக்குப் போயிடணும். நில அதிர்வு உங்க காலுக்கே தெரிஞ்சா சைரனுக்குக்கூடக் காத்திருக்க வேணாம். கடல் உள்வாங்கினா வேடிக்கை பார்க்கவே கூடாது."

சவரிநாதன் எழுந்தான். அவன் எழுந்தாலே சிரிக்கத் தயாராகிவிடும் ஊர்.

"சார், ஒரு டவுட்டு. போன வருசம் கம்பெனிலேர்ந்து கேஸு லீக்காச்சே, அப்பவும் சைரன்தான் அடிச்சாங்கோ. மூஞ்சில ஈரத்துணிய சுத்திகினு கெயக்கால கடலாண்ட ஓடினோம். இப்ப நீங்க மேற்கால ஓடுங்கிறீங்கோ. எந்த சைரனுக்கு எந்தாண்ட ஓடறது?"

"இது சத்தம் வேற மாதிரி இருக்கும். கூடவே குரலும் வரும்."

"ரெண்டும் ஒண்ணா வந்தா?"

கொட்டகை சிரித்தது. லட்சுமணன் சிரிக்கவில்லை. "அதுக்கு மேலேர்ந்து இன்னும் எதுவும் வரலைங்க" என்றார்.

"செரி வுடுங்கோ. அந்த ரோட்டுல லாரி க்யூ கட்டிகினு நிக்குமே. எங்க பொம்பளைங்கோ எப்டி தாண்டுவாங்கோ?"

"நாளைக்குப் போலீஸ் நிறுத்திடுவாங்க."

"நாளைக்கு நிறுத்துவாங்கோ. சுனாமி அன்னிக்கி?"

அதிகாரி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதிப் போட்டிருக்கேன்" என்றார். அரசாங்கத்தில் நல்ல மனிதனால் முடிந்தது அவ்வளவுதான்.

கூட்டம் கலைந்த பிறகு தன்னார்வலர்களை மட்டும் நிறுத்திவைத்துப் பேசினார். ஒத்திகையில் ஒருத்தர் கரையில் சிக்கிக்கொண்ட மாதிரி ஒளிந்திருக்க வேண்டும். மீட்புக் குழு தேடிக் கண்டுபிடித்து ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போகும். யார், எங்கே என்று வீட்டுக்குக்கூடச் சொல்லக் கூடாது, சொன்னால் தேடுவதற்கு அர்த்தமில்லை.

சாரா கையைத் தூக்கினாள்.

ஏன் தூக்கினாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. அண்ணனைத் தேட அன்றைக்கு ஒருத்தரும் வரவில்லை என்று கேட்டுக்கேட்டு வளர்ந்தவள் அவள். தேடி வந்தால் எப்படி இருக்கும் என்று ஒரு தடவை படுத்துப் பார்க்க ஆசைப்பட்டாள். அவள் முகம்கூடப் பார்க்காத அண்ணன் அவன். ஆனாலும் அவன் விட்டுப் போன இடத்தில்தான் அவள் இருந்தாள், அவன் தட்டில்தான் சாப்பிட்டாள்.

சாயங்காலம் மழை வலுத்தது. ஐப்பசி மழை. எல்சி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள், மாங்காய் போட்டு. வாசல் படியில் கல்லறைத் திருநாளுக்கு ஏற்றிய மெழுகுவர்த்தியின் மெழுகு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. கல்லறை இல்லாத பிள்ளைக்கு எல்சி படியில்தான் ஏற்றுவாள், வெளியே போனவன் உள்ளே வருகிற வழி என்று.

"நைனா, நாளிக்கி எஞ்சினத் தொடக்கூடாது" என்றாள் சாரா.

"ஒத்திகதானே. நெசமாவா தண்ணி வரப்போவுது?"

"ஒத்திகைல தொட்டீன்னா நெசத்துலயும் தொடுவே."

பாஸ்கல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். பிசைந்தானே தவிர வாயில் வைக்கவில்லை.

"கரையிலேர்ந்து சும்மா கைய வீசிகினு எப்டி வர்றதுன்னு எனுக்குத் தெரியாது சாரா. அதுவும் மேற்கால. எம்மாம் வருசமா தோள்ல எத்தையாவது வச்சிகினுதான் ஏறிகீறேன்."

"யம்மா கையப் புடிச்சிகினு நட. நான் தெரு முனைல டூட்டில நிப்பேன். என்னத் தாண்டிப் போனப்பால ஸ்கூலாண்ட போய்க் குந்து."

"என் கையப் புடிச்சி அந்தாளு நடந்தது எந்தக் காலத்துல" என்றாள் எல்சி. சிரித்த மாதிரிதான் இருந்தது. "அத்த வுடு. துன்னுங்கோ, ஆறிப்போவுது."

"சத்தியம் பண்ணு நைனா. மாதா மேல."

"சத்தியம்லாம் இன்னாத்துக்கு? தொடலன்னா தொடல."

சாரா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். நைனா பேச்சு மாறமாட்டான் என்று அவள் நம்பினாள். நாளைக்கு அவன் ஸ்கூல் மாடியில் பத்திரமாக இருப்பான், தன்னை யாரோ தூக்கி வருவதை அங்கிருந்து பார்ப்பான், பார்த்துச் சிரிப்பான் என்று நினைத்தாள். அவ்வளவு சின்னப் பெண்.

மறுநாள் மழை விட்டிருந்தது, மேகம் விடவில்லை. வாடைக் காற்றில் கடல் சாம்பல் நிறமாகப் புரண்டது. விடியலில் கடலுக்குப் போய் வந்தவர்களைப் போலீஸ்காரர்கள், "சீக்கிரம், சீக்கிரம், பெரியவங்க வர்ற நேரம்" என்று கரையிலிருந்து விரட்டினார்கள். பாஸ்கலுக்கு எஞ்சினைக் கழற்ற நேரம் கொடுக்கவில்லை. அவனும் கேட்கவில்லை, தொடமாட்டேன் என்று சொன்னவன் ஆயிற்றே. வீட்டுக்கு வந்து வாசலில் குந்திக்கொண்டு போட் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வந்தது, தீயணைப்பு வண்டி வந்தது, கேமராக்காரர்கள் வந்தார்கள். பிள்ளைகளுக்குத் திருவிழா. பிறகு சைரன் கத்தியது.

யாரும் அப்படி ஒரு சத்தத்தை எதிர்பார்க்கவில்லை. தாழத் தொடங்கி, ஏறி ஏறி, வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வேடிக்கை பார்க்க நின்றிருந்த பொம்பளைகளில் ஒருத்தி ஓவென்று அழுதாள். உடனே இன்னும் பத்துப் பேர் அழுதார்கள். ஒத்திகை என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்து என்ன? கொஞ்சம் பேர் முந்தானையை நனைத்து மூக்கில் கட்டிக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். தன்னார்வலர்கள் விசில் ஊதி அவர்களைத் திருப்பினார்கள். "மேற்க! மேற்க ஓடு ஆயா! கேஸு இல்ல, சுனாமி!"

எல்சி கம்பத்தடியில் அசையாமல் நின்றாள். பாஸ்கல் வந்து அவள் கையைப் பிடித்தான். இரண்டு பேரும் நடந்தார்கள். தெரு முனையில் சாரா இல்லை. கூட்டத்தில் எங்காவது இருப்பாள் என்று எல்சி நினைத்தாள். ரோட்டோரம் வந்ததும் பாஸ்கலின் கை தளர்ந்தது.

"நீ நட. தோ வந்துடறேன்."

"எங்கய்யா போற? பொண்ணாண்ட சொன்னியே!"

"இரு எல்சி. கை சும்மா கீது. என்னால முடியல."

அவன் திரும்பிக் கரைக்கு ஓடினான். தடுத்த போலீஸ்காரரை ஒரு ஓரமாகத் தள்ளினான். இரண்டு பேர் சேர்ந்து ஏற்றுகிற எஞ்சினை அன்றைக்கு எப்படித் தனியாகத் தோளில் ஏற்றினானோ, அது அவன் உடம்புக்குத்தான் தெரியும். ஏற்றிக்கொண்டு நடந்தான். சைரன் நின்று, குரல் வந்தது. லட்சுமணனின் குரல், தாளைப் பார்த்துப் படிக்கிற குரல்.

"கவனிக்கவும். கரையில் ஒரு பிள்ளை சிக்கியிருப்பதாகத் தகவல் வந்துள்ளது. மீட்புக் குழு உடனே கரைக்கு விரையவும்."

ஸ்கூல் வாசலிலும் அதே குரல் கேட்டது. அங்கே ஆரஞ்சுச் சட்டைகள் எல்லாம் வந்து சேர்ந்திருந்தன. எல்சி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"சாரா எங்க?"

ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எல்சிக்கு அது போதும். செருப்பு ஒன்று கழன்றது, அதை விட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடினாள். நிறுத்தி வைத்த லாரிகளுக்கு நடுவில் சவரிநாதன் அவளைப் பிடித்தான்.

"யக்கா, ஒத்திகக்கா. சும்மா படுத்துகினு கீது பொண்ணு. அவுங்களே தூக்கினு வருவாங்கோ."

"வுடுடா. ஒருத்தன அனுப்பிட்டு நிக்கிறேன் நானு. வுடு!"

கெபிக்குச் சற்று முன்னால், தினமும் வாய் அசைகிற அதே இடத்தில், பாஸ்கல் நின்றிருந்தான். கரையில் ஒரு பிள்ளை என்று அந்தக் கம்பம் சொன்னது அவன் காதில் விழுந்திருந்தது. எந்தப் பிள்ளை என்று அது சொல்லவில்லை. அவனுக்குச் சொல்ல வேண்டியதும் இல்லை.

"வர்றியாடா?" என்றான்.

பின்னால் அலைச் சத்தம் மட்டும்தான். முன்னாலிருந்து எல்சி கத்திக்கொண்டு ஓடி வந்தாள்.

"யோவ்! சாரா கரைல கீதுய்யா! சாரா கரைல கீது!"

எஞ்சின் அவன் தோளிலிருந்து விழுந்தது. கெபிப் படிக்கட்டில் மோதி விசிறி உடைந்தது. அத்தனை வருசத்தில் பாஸ்கல் முதல் தடவையாக அந்த இடத்தில் திரும்பினான். திரும்பி, கடலைப் பார்த்து ஓடினான்.

ஒரு பழைய ஓட்டைப் போட்டுக்குள் தார்ப்பாய்க்கு அடியில் சாரா படுத்திருந்தாள். மணலில் காலடிச் சத்தம் கேட்டது. மீட்புக் குழு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தார்ப்பாய் பிய்ந்து போனது. கண்ணைத் திறந்தால் நைனாவின் முகம். அப்படி ஒரு முகத்தை அவள் பார்த்ததே இல்லை. அது அவள் பிறப்பதற்கு முந்தின முகம்.

"நைனா, ஒத்திக நைனா. நான்தான். ஒண்ணும் இல்ல."

அவன் கேட்கவில்லை. எஞ்சினைத் தூக்குகிற மாதிரியே அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். லைஃப் ஜாக்கெட் போட்ட இளைஞர்கள் ஸ்ட்ரெச்சரோடு ஓடி வந்து, "இதுல வைங்கண்ணே" என்றார்கள். அவர்களைத் தாண்டி நடந்தான். கேமராக்காரன் பின்னால் நடந்து படம் எடுத்தான். "தத்ரூபமா பண்றாருப்பா" என்று யாரோ சொன்னது ஒலிபெருக்கியில் கேட்டது. ஸ்கூல் மாடியில் வெளியூர்க்காரர்கள் கை தட்டினார்கள். குப்பத்து ஜனங்கள் யாரும் தட்டவில்லை. லட்சுமணன் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு நின்றார்.

எல்சி எதிரே வந்து, புருசனுக்குப் பின்னால் சேர்ந்து நடந்தாள். ஒரு காலில் செருப்பில்லை.

சாராவின் தலை நைனாவின் முதுகுப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. "இறக்கி வுடு நைனா, நான் நடக்கிறேன்" என்று இரண்டு முறை சொன்னாள். கெபிக்கிட்டே வந்ததும் அவன் நின்றான்.

"சாரா."

"இன்னா நைனா?"

"உனுக்குப் பின்னால தெரியுதில்ல?"

"தெரியுது."

"வர்றானா பாரு."

சாரா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஈர மணல், அதில் நைனாவின் காலடி, அதற்கப்பால் கடல். நடுவில் அம்மா. அம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தனை வருசமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அந்தக் கண்ணில் இருந்தது.

"வந்துகினே கீறான் நைனா" என்றாள் சாரா. "நீ நட."

பாஸ்கல் பெருமூச்சு விட்டு, மேற்கே பார்த்து நடந்தான். பின்னால் வந்துகொண்டிருந்த எல்சி நின்று, திரும்பிப் பார்த்தாள்.